வார்னிங்கின் வாயை அடைத்த கதை

அடுத்தடுத்து இரண்டு கேள்விக்குறி, அதன் பின்னால் உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு ஜோடி மேற்கோள்குறி. சர்வரில் சைட்டுகளை ஓட்டும் பிஹெச்பி மொழியில் எழுதுகிறவர்களுக்கு இதைச் சொன்னதுமே புரிந்துவிடும். படிவத்திலிருந்து மதிப்பு வந்திருந்தால் அதை எடுத்துக்கொள், வராவிட்டால் காலியாக வைத்துக்கொள் என்று அர்த்தம். பிஹெச்பி 7 வந்தபோது, 2015 டிசம்பரில், கூடவே வந்த வசதி இது. நானும் தினமும் பயன்படுத்துகிறேன், அதோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் சமீபத்தில் என் கைக்கு வருகிற பழைய சைட்டுகளில் எதைத் திறந்தாலும், பெயருக்கும் அதே, போன் நம்பருக்கும் அதே, 'விதிமுறைகளை ஏற்கிறேன்' டிக்குக்கும் அதே என்று வரிக்கு வரி இதை ஒட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாமல் இருந்தது. ஆபீஸ் தம்பியோடு இதைப் பற்றிப் பல தடவை வாக்குவாதம் நடந்து, ஒவ்வொரு தடவையும் அவன் பக்கம்தான் நியாயம் அதிகம் இருப்பதுபோல முடிந்தது. அண்ணா நகரில் ஒரு கோச்சிங் சென்டர் வேலை வந்த பிறகுதான் என் பக்கத்து வாதம் எனக்கே கிடைத்தது.

இந்த இரட்டைக் கேள்விக்குறித் தொற்று எங்கிருந்து ஆரம்பித்தது என்பது தெரிந்ததுதான். சென்னையில் எங்களைப் போல நாலு பேர் ஆபீஸ் வைத்துக்கொண்டு டியூஷன் சென்டர், கல்யாண மண்டபம், தண்ணீர் கேன் ஏஜென்சி என்று சின்னச் சின்ன சைட்டுகளைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் இருப்பதெல்லாம் பத்துப் பன்னிரண்டு வருஷத்துப் பழைய கோடுதான், அதாவது நிரல். அதில் பெரும்பாலானவற்றின் தலையில் ஒரு வரி இருக்கும்: எல்லா எரரையும் காட்டு, நோட்டீஸ் என்ற லேசான எச்சரிக்கையை மட்டும் விட்டுவிடு. அந்தக் காலத்தில் அன்டிஃபைன்டு வேரியபிள் (மதிப்பே கொடுக்காத வேரியபிளைப் படிப்பது), அன்டிஃபைன்டு இண்டெக்ஸ் (அர்ரே என்ற பட்டியலில் இல்லாத பெயரைக் கேட்பது) இரண்டுமே வெறும் நோட்டீஸ்தான் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. 2020 நவம்பரில் வந்த பிஹெச்பி 8 அவை இரண்டையும் அதைவிடக் கடுமையான வார்னிங்காக உயர்த்தியது, 'இண்டெக்ஸ்' என்று இருந்ததை 'அர்ரே கீ' என்று பெயரும் மாற்றியது. 7.4-க்கான ஆதரவு 2022 நவம்பரோடு முடிந்தது, ஹோஸ்டிங்காரர்கள் ஒவ்வொருவராக 8-க்கு மாற்ற ஆரம்பித்தார்கள். நோட்டீஸை மறைத்த அந்தப் பழைய வரி வார்னிங்கை மறைக்கவில்லை. இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒரே நாளில் பக்கத்தின் உச்சியில் வந்து நின்றது. "மேடம், சைட்டு மேல ஏதோ இங்கிலீஷ்ல வரிசையா ஓடுது, ஹேக் பண்ணிட்டாங்களா?" என்று போன் வராத வாரம் கிடையாது.

கிளையன்டுக்கு அந்த எழுத்து மறைய வேண்டும், அதுவும் இன்றைக்கே. அதற்கு எவ்வளவு காசு கொடுப்பார் என்பதும் நமக்குத் தெரியும். எடிட்டரைத் திறந்து, படிவத்தில் நிரப்பியது வந்து சேரும் போஸ்ட் அர்ரேயைத் தொடும் இடத்தையெல்லாம் தேடி, பின்னாலேயே இரட்டைக் கேள்விக்குறியையும் காலி மேற்கோளையும் ஒட்டி, ஒரு மாலைக்குள் வேலை முடிந்தது. தம்பி கேட்பதும் இதைத்தான்: "எரர் போயிடுச்சு இல்லக்கா? அப்புறம் என்ன?"

காலி வரிசைகள்

கோச்சிங் சென்டருக்கு நான் போனது வேறு வேலைக்கு. ரிப்போர்ட் ஒன்று எக்செல்லில் சரியாக இறங்கவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். ஃப்ரண்ட் ஆபீஸில் இருந்த பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். அவர் அட்மிஷன் விண்ணப்பங்களின் பட்டியலைத் திறந்து, பெயரும் இல்லாமல் போன் நம்பரும் இல்லாமல் வெறும் வரிசை எண்ணும் தேதியும் மட்டும் இருந்த சில வரிகளை டக்டக்கென்று டிக் செய்து அழித்தார். அது என்ன என்று கேட்டேன். "டெய்லி காலைல வந்ததும் மொதல் வேலை இதான் மேடம். யாரோ பசங்க வெளாட்டுக்கு ஃபார்ம ஃபில் பண்ணாமலே சப்மிட் அடிக்கறாங்க. சார்தான் டெலிட் பண்ணிடச் சொன்னாரு."

ஃபில் பண்ணாமல் சப்மிட் அடிக்க முடியாதே என்று எனக்குத் தோன்றியது. எச்டிஎம்எல்லில் பெயருக்கும் போனுக்கும் கட்டாயம் என்று போட்டிருந்தது, பிரவுசர் விடாது. ரோபோ எதுவும் கன்னாபின்னாவென்று அனுப்பினாலும் குப்பையாகவாவது ஏதாவது எழுதியிருக்கும், இப்படித் துடைத்து வைத்த மாதிரி காலியாக வராது. சரி, பார்ப்போம் என்று சர்வர் தன் தப்புகளைக் குறித்து வைக்கும் எரர் லாகைத் திறந்தேன். அங்கே வரிசையாக ஒரே வாக்கியம் நின்றது: போஸ்ட் உள்ளடக்கத்தின் அளவு இத்தனை பைட், வரம்பு 8388608 பைட், தாண்டிவிட்டது, கோப்பு தெரியாது, வரி எண் 0.

8388608 பைட் என்பது 8 எம்பி. பிஹெச்பியில் போஸ்ட் மேக்ஸ் சைஸ் என்ற அமைப்புக்கு இயல்பாக இருக்கும் மதிப்பு அதுதான். படிவத்தோடு வரும் மொத்தச் சரக்கும் அந்த அளவைத் தாண்டினால் பிஹெச்பி பெரிய ஃபைலை மட்டும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத் தருவதில்லை. போஸ்ட் அர்ரே, ஏற்றிய ஃபைல்கள் வரும் ஃபைல்ஸ் அர்ரே இரண்டையுமே மொத்தமாகக் காலியாக்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல உங்கள் கோடை ஓட விடுகிறது. மேனுவலிலேயே இது எழுதியிருக்கிறது, ஆனால் மாட்டிக்கொள்ளும்வரை யாரும் அந்தப் பத்தியைப் படிப்பதில்லை. இந்தப் படிவத்தில் மூன்று அப்லோடு: பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட். மூன்றையும் போனிலேயே படம் பிடித்து ஏற்றுகிறார்கள். இப்போதைய போன் கேமராவில் ஒரு படம் மூன்று நாலு எம்பி சாதாரணமாக வரும். யாரோ எப்போதோ ஒரு ஃபைலுக்கான வரம்பை மட்டும் 10 எம்பி என்று உயர்த்திவிட்டு, மொத்தத்துக்கான வரம்பைத் தொடாமல் விட்டிருந்தார்கள். நல்ல போன் வைத்திருப்பவரின் விண்ணப்பம்தான் காணாமல் போகும், பழைய போன்காரருடையது ஒழுங்காகப் போய்ச் சேரும்.

இதுவரைக்கும் சாதாரண பக். என்னை உட்கார வைத்தது அடுத்ததுதான். இந்த வரம்பு வருஷக்கணக்காக அதே 8 எம்பிதான், ஆனால் காலி வரிசைகள் வர ஆரம்பித்தது சமீபத்தில். அதற்கு முன்னால் என்ன நடந்தது? பேக்கப்பில் இருந்த பழைய கோடைப் பார்த்தேன். அதில் போஸ்ட் அர்ரேயிலிருந்து பெயரை நேராக எடுத்து டேட்டாபேஸுக்கு அனுப்பியிருந்தது. அர்ரே காலி என்றால் கிடைப்பது நல், அதாவது மதிப்பே இல்லை என்ற குறி. டேட்டாபேஸில் பெயருக்கான கட்டமோ நல் ஏற்காத கட்டம். மைஎஸ்க்யூஎல் என்ற அந்த டேட்டாபேஸ் அந்த வரியை வாங்க மறுத்துவிடும், திரையில் 'விண்ணப்பம் சேமிக்கப்படவில்லை, மீண்டும் முயலவும்' என்று சிவப்பில் வரும். மாணவர் இன்னொரு தடவை முயல்வார், அல்லது சென்டருக்கு போன் போடுவார், அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள். அசிங்கமான ஏற்பாடுதான், ஆனால் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் சர்வர் 8-க்கு மாறியது, வார்னிங் தெரிந்தது, ஒரு ஃப்ரீலான்சர் வந்து எல்லா இடத்திலும் இரட்டைக் கேள்விக்குறியும் காலி மேற்கோளும் போட்டுவிட்டுப் போனார். நல் இருந்த இடத்தில் காலி எழுத்து வந்தது. காலி எழுத்தை அந்தக் கட்டம் தாராளமாக ஏற்கும். வரி சேமிக்கப்பட்டது. திரையில் பச்சையில் 'உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது, நன்றி'.

அதாவது அந்த மாலை வேலையில் ஒரு எரர் செய்தி மறையவில்லை, ஒரு தோல்வி வெற்றியாக மாறியது. பச்சையைப் பார்த்தவர் ஏன் திரும்ப போன் போடப் போகிறார்? வகுப்பு ஆரம்பிக்கும் நாளில் அப்பாவோடு நேரில் வந்து, "ஆன்லைன்ல போட்டாச்சே, பச்சைக் கலர்ல வந்துச்சே" என்று நின்றவர்களைப் பற்றி அந்தப் பெண் அப்புறம் சொன்னார். அவர்களைப் பொய் சொல்கிறார்கள் என்றே நினைத்திருக்கிறார்கள். எத்தனை பேர் அப்படி நேரில் வராமலே வேறு சென்டர் பார்த்துப் போனார்கள் என்பதற்கு வரிசை எண்ணில் விழுந்திருக்கும் இடைவெளிகள்தான் கணக்கு. லாகில் நேரமும் ஐபி முகவரியும் இருக்கும், போன் நம்பர் இருக்காது. யாரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை.

தம்பிக்குப் புரிய வைத்தது இந்த இடம்தான், கொஞ்சமாவது. 'அன்டிஃபைன்டு அர்ரே கீ: பெயர்' என்ற வார்னிங் சொன்னது முழு உண்மை. பெயர் என்ற ஃபீல்டே வந்து சேரவில்லை, அதாவது என்னவோ பெரிதாக உடைந்திருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு "சரி, பெயர் இல்லாத ஆள் என்று எழுதிக்கொள்" என்று பதில் சொன்னது நாம்.

வராதது வேறு, காலியாக வந்தது வேறு

ஒரு படிவம் சப்மிட் ஆகும்போது பிரவுசர் எதை அனுப்பும், எதை அனுப்பாது என்பதற்குத் தெளிவான விதி இருக்கிறது. சாதாரண டெக்ஸ்ட் பெட்டியை நிரப்பாமல் விட்டாலும் அது வரும், காலி எழுத்தாக வரும். டிக் செய்யாத செக்பாக்ஸ் வரவே வராது. எதையும் தேர்ந்தெடுக்காத ரேடியோ பட்டன்களும் அப்படியே. டிஸேபிள் செய்த பெட்டி வராது, ரீட்ஒன்லி பெட்டி வரும். ஆக செக்பாக்ஸ் 'வரவில்லை' என்றால் அது ஒரு பதில், 'வேண்டாம்' என்ற பதில். டெக்ஸ்ட் பெட்டி 'வரவில்லை' என்றால் அது பதிலே இல்லை, கோளாறு. இரண்டையும் ஒரே மாதிரி அடக்கினால் இந்த வித்தியாசம் போய்விடுகிறது. நம் ஊர் முகவரியில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. பழைய எண், புதிய எண் என்று இரண்டு பெட்டி வைப்போம். புதிதாகக் கட்டிய வீட்டுக்குப் பழைய எண் இருக்காது, காலியாக வந்தால் அதுதான் சரியான பதில். ஆனால் மொபைல் டிசைன் மாற்றும்போது யாரோ அந்தப் பெட்டியையே எடுத்துவிட்டதால் வராமல் போனால்? இரண்டும் டேட்டாபேஸில் ஒரே காலியாகத்தான் போய் உட்காரும். மந்தைவெளியில் டெலிவரி பாய் பழைய எண்ணைத் தேடித் தெருத் தெருவாகச் சுற்றும்போதுதான் தெரியவரும்.

எழுத்துப்பிழையையும் இது மூடி மறைக்கும். எச்டிஎம்எல்லில் பின்கோடு என்று ஒரே சொல்லாக எழுதிவிட்டு, பிஹெச்பியில் நடுவில் அண்டர்ஸ்கோர் வைத்து 'பின்_கோடு' என்று கேட்டால், மொழி உடனே கத்த வேண்டும். இரட்டைக் கேள்விக்குறி போட்டிருந்தால் கத்தாது. மதிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் இஸ்செட் போட்டாலும் கத்தாது, அது சத்தமில்லாமல் 'இல்லை' என்று மட்டும் சொல்லும். அந்த ஃபீல்டு பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடச் சேமிக்கப்பட்டதில்லை என்பது, யாராவது பின்கோடு வாரியாக ரிப்போர்ட் கேட்கும்வரை தெரியாது. இன்னொன்று, ஃபீல்டின் பெயரில் புள்ளியோ இடைவெளியோ வைத்தால் பிஹெச்பி அதை அண்டர்ஸ்கோராக மாற்றித்தான் போஸ்ட் அர்ரேயில் வைக்கும். இது தெரியாமல் தேடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இதைவிட ஆபத்தான ஒன்று, ஒரு படிவத்தில் எத்தனை ஃபீல்டு வரலாம் என்ற வரம்பு. இயல்பாக 1000. வகுப்பு முழுவதுக்கும் ஒரே பக்கத்தில் மதிப்பெண் பதியும் படிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அறுபது மாணவர், ஆளுக்கு இருபது பெட்டி. ஆயிரத்துக்கு மேல் வந்தவை வெட்டப்படும், பட்டியலின் கடைசியில் இருக்கும் பத்துப் பேருக்கு மதிப்பே வராது. அங்கே யாராவது நல்ல எண்ணத்தில் இரட்டைக் கேள்விக்குறியும் பூஜ்யமும் போட்டு வைத்திருந்தால் அந்தப் பத்துப் பேரும் எல்லாப் பாடத்திலும் சைபர்.

பூஜ்யம் போட்டவர்

இஸ்செட், இரட்டைக் கேள்விக்குறி இரண்டும் வேண்டாம் என்றால் காலியா என்று பார்க்கும் எம்ப்டி போடலாமே என்று ஒரு கட்சி உண்டு. எம்ப்டி எனக்கு இன்னும் கொஞ்சம் எரிச்சல். மேடவாக்கம் பக்கம் ஒரு தண்ணீர் கேன் ஏஜென்சிக்கு ஆர்டர் படிவம் இருக்கிறது. எத்தனை 20 லிட்டர் கேன் வேண்டும், எத்தனை காலி கேன் திருப்பித் தருவீர்கள் என்று இரண்டு எண். முதல் முறை வாங்குகிறவரிடம் காலி கேன் இருக்காது, அவர் நேர்மையாக 0 என்று அடிப்பார். பிஹெச்பியின் எம்ப்டிக்கு '0' என்ற எழுத்தும் காலிதான். ஆகவே 'இந்தப் பெட்டியை நிரப்பவும்' என்று திருப்பிவிடும். வாடிக்கையாளர் இன்னொரு தடவை 0 அடிப்பார், அதே பதில். கடைசியில் 1 என்று அடித்துவிட்டுப் போவார். கேன் கொண்டு போகிற பையன் வாசலில் நின்று காலி கேன் எங்கே என்று கேட்பான், அங்கே ஒரு சின்ன யுத்தம். வேடிக்கை என்னவென்றால் 0.0 என்று அடித்திருந்தால் எம்ப்டி விட்டிருக்கும், அது காலி கிடையாதாம். குழந்தைகள் எண்ணிக்கை, நிலுவைத் தொகை, முன் அனுபவம் எத்தனை வருஷம் என்று பூஜ்யம் நியாயமான பதிலாக இருக்கும் எந்தப் பெட்டிக்கும் எம்ப்டியைக் கொண்டுவரக் கூடாது என்பது என் உறுதியான கட்சி. வந்திருக்கிறதா என்று பார்த்து, முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை ட்ரிம் செய்து, காலி எழுத்துக்குச் சமமா என்று மூன்று சமக்குறி போட்டு ஒப்பிடுவது ஒரு வரி அதிகம், அவ்வளவுதான்.

இன்னொரு பரவலான பழக்கம், சப்மிட் பட்டனின் பெயர் வந்திருக்கிறதா என்று இஸ்செட் போட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போவது. முதல் தடவை பக்கத்தைத் திறக்கும்போது போஸ்ட் அர்ரே காலியாக இருக்கும், அப்போது வார்னிங் வராமல் இருக்க இந்தக் காவல். நோக்கம் சரி, ஆனால் பட்டனை நம்புவது எனக்குப் பிடிக்காது. பணம் கட்டும் பக்கங்களில் யாரும் இரண்டு தடவை அழுத்திவிடக் கூடாது என்று, சப்மிட் ஆகும்போதே ஜாவாஸ்கிரிப்ட்டால் பட்டனை டிஸேபிள் செய்வோம் இல்லையா, டிஸேபிள் ஆன பட்டனின் பெயர் போகாது. ஜாவாஸ்கிரிப்ட்டிலிருந்து நேராக ஃபார்மை சப்மிட் செய்தாலும் போகாது. ஆள் எல்லாவற்றையும் நிரப்பி அழுத்துவார், பக்கம் அப்படியே வெறுமையாகத் திரும்பி வரும், ஒரு செய்தியும் இருக்காது. வந்தது பக்கத்தைக் கேட்கும் 'கெட்' கோரிக்கையா, படிவத்தை அனுப்பும் 'போஸ்ட்' கோரிக்கையா என்று சர்வர் அர்ரேயில் ரிக்வெஸ்ட் மெத்தட் என்று தெளிவாக இருக்கிறது, அதைக் கேட்டால் போதும்.

நம் கையில் இருக்கிற பாதி

இதுவரை சொன்னதெல்லாம் வெளியிலிருந்து வருவதைப் பற்றி. அன்டிஃபைன்டு வேரியபிள் என்பது அப்படியே நம் வீட்டுப் பிரச்சினை. தப்புகளைச் சேர்க்கும் எரர்ஸ் அர்ரேயை, போஸ்ட் வந்தால் மட்டும் ஓடும் இஃபுக்குள்ளே பிறக்க வைத்துவிட்டு, கீழே டெம்ப்ளேட்டில் எப்போதும் படிப்பது. இது நூற்றில் தொண்ணூறு சைட்டில் உண்டு என்று சும்மா வாய்க்கு வந்தபடி சொல்கிறேன், ஆனால் நீங்களும் மறுக்க மாட்டீர்கள். இதற்கு டெம்ப்ளேட்டில் இஸ்செட் போடுவது என்ன நியாயம் என்று எனக்குப் புரிவதில்லை. கோப்பின் தலையிலேயே எரர்ஸ் காலி அர்ரே, மெசேஜ் காலி எழுத்து, பழைய மதிப்புகள் காலி அர்ரே என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

இதில் ஒரு பழைய பாவமும் இருக்கிறது. நான் பிஹெச்பி கற்றது திருவல்லிக்கேணி நடைபாதையில் வாங்கிய ஒரு பழைய புத்தகத்தில். அதில் படிவத்தில் நேம் என்று ஒரு பெட்டி வைத்தால், அடுத்த பக்கத்தில் டாலர் நேம் என்று வேரியபிள் தானாகவே வந்து நிற்கும் என்று போட்டிருந்தது. அந்த வசதியின் பெயர் ரெஜிஸ்டர் குளோபல்ஸ். அந்த வசதி 2002-இல் 4.2 பதிப்பிலேயே இயல்பாக அணைக்கப்பட்டுவிட்டது, 2012-இல் 5.4 வந்தபோது மொத்தமாக எடுத்தே விட்டார்கள். புத்தகம் சொன்ன எதுவும் என் கம்ப்யூட்டரில் ஓடாது, அன்டிஃபைன்டு வேரியபிள் என்றுதான் வரும். ஏன் எடுத்தார்கள் என்பது அப்புறம்தான் புரிந்தது. பாஸ்வேர்டு சரியாக இருந்தால் அட்மின் என்ற வேரியபிளுக்கு 1 கொடு என்று எழுதியிருக்கிறீர்கள், தலையில் அதற்கு 0 கொடுத்துத் தொடங்கவில்லை. வெளியில் இருப்பவன் முகவரிக் கட்டத்தில் அட்மின் சமம் 1 என்று சேர்த்துவிட்டால் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே வந்துவிடுவான். வேரியபிளுக்கு ஆரம்ப மதிப்பு கொடுக்காமல் விடுவது பல சைட்டுகளுக்கு நிஜமாகவே வாசலைத் திறந்து வைத்தது. இன்று அந்த ஓட்டை இல்லை, பழக்கம் மட்டும் மிச்சம்.

இப்போது எப்படிச் செய்கிறோம்

அபார்ட்மென்ட்டில் வாசலிலேயே செக்யூரிட்டி பெயர் எழுதி வாங்குகிற மாதிரி, படிவத்திலிருந்து வருவதை ஒரே இடத்தில்தான் தொடுவது என்று ஆபீஸில் வைத்துக்கொண்டிருக்கிறோம். அதைத் தாண்டி உள்ளே எந்தக் கோப்பிலும் போஸ்ட் அர்ரே என்ற பேச்சே வரக் கூடாது, எல்லாம் நம் சொந்த வேரியபிள்கள். வாசலில் முதல் கேள்வி, இது போஸ்ட்தானா. இரண்டாவது கேள்வி கோச்சிங் சென்டர் கற்றுக்கொடுத்தது: போஸ்ட்தான், வந்த சரக்கின் அளவைச் சொல்லும் கன்டென்ட் லெங்த் பூஜ்யத்துக்கு மேல், ஆனால் அர்ரே காலி. அப்படியென்றால் சரக்கு வரம்பைத் தாண்டிவிட்டது, 'படங்களின் அளவு அதிகம், சிறிதாக்கி அனுப்பவும்' என்று தமிழில் சொல்லிவிட்டு அங்கேயே நில். (போஸ்ட் அர்ரே காலியாக இருக்க இன்னொரு காரணம், ஜாவாஸ்கிரிப்ட் படிவமாக அனுப்பாமல் ஜேசன் என்ற வேறு வடிவத்தில் அனுப்புவது. ஜேசனை பிஹெச்பி அந்த அர்ரேயில் நிரப்பாது, இன்புட் ஸ்ட்ரீமிலிருந்து நாமே படிக்க வேண்டும்.)

அப்புறம் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் 'வராவிட்டால் என்ன அர்த்தம்' என்று எழுதுகிறோம். செக்பாக்ஸா, வராவிட்டால் இல்லை. அங்கே இரட்டைக் கேள்விக்குறி போடு, அதற்காகத்தான் அது இருக்கிறது. டெக்ஸ்ட் பெட்டியா, வராவிட்டால் படிவத்துக்கும் கோடுக்கும் பொருத்தமில்லை, லாகில் எழுதிவிட்டு நிறுத்து. வந்தது எழுத்தா அர்ரேயா என்றும் பார்க்கிறோம். ஏனென்றால் ஃபீல்டு பெயரின் பின்னால் சதுர அடைப்பு சேர்த்து யார் வேண்டுமானாலும் அர்ரேயாக அனுப்பலாம், அதை ட்ரிம்மிடம் கொடுத்தால் பிஹெச்பி 8 டைப் எரர் வீசிவிடும். ஃபில்டர் இன்புட் என்ற ஃபங்ஷனும் இதற்கு உதவும். ஃபீல்டு வரவில்லையென்றால் நல், வந்தது தேறவில்லையென்றால் ஃபால்ஸ், தேறினால் மதிப்பு என்று மூன்று நிலையையும் தனித்தனியாகத் தருகிறது. 2006-இலிருந்து, 5.2 பதிப்பிலிருந்தே இருக்கிறது, ஆனால் என்னவோ ராசி, யாரும் சீண்டுவதில்லை.

எரரைத் திரையில் காட்டும் அமைப்பை லைவ் சர்வரில் அணைத்துவிடுகிறோம், லாகில் எழுதுவதை எப்போதும் திறந்து வைக்கிறோம். கிளையன்ட் கேட்டதும் இதைத்தான், அவர் திரையில் ஆங்கிலம் ஓடக் கூடாது. அதற்குக் கோடு முழுக்கக் கேள்விக்குறி நட வேண்டிய அவசியமே இல்லை. இதில் ஒரு கூடுதல் லாபமும் இருக்கிறது. வார்னிங் திரையில் அச்சாகிவிட்டால் அதற்குப் பிறகு வேறு பக்கத்துக்கு ரீடைரக்ட் செய்யும் ஹெடர் போகாது, 'ஹெடர்ஸ் ஏற்கெனவே போய்விட்டன' என்று இன்னொரு வார்னிங் சேரும். அதைத் துரத்திக்கொண்டு இரவு முழுக்க உட்கார்ந்தவர்கள் சென்னையில் நிறையப் பேர்.

தம்பி முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "ஐம்பது ஃபீல்டு இருக்கற ஃபார்முக்கு ஒவ்வொண்ணா உக்காந்து யோசிச்சா கிளையன்ட் குடுக்கற காசு டீக்குக்கூட பத்தாதுக்கா" என்கிறான். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, அவன் சொல்வது உண்மை. ஒரு சமரசத்துக்கு வந்திருக்கிறோம். பழைய சைட்டைத் தொடும்போது முதலில் கோடை ஓட்டாமலே தப்புகளைக் கண்டுபிடிக்கும் பிஹெச்பிஸ்டான் என்ற கருவியை ஓட்டிப் பார்க்கிறோம். எந்த வேரியபிள் சில வழிகளில் பிறக்காமல் போகலாம் என்பதை முதல் லெவலிலேயே சொல்லிவிடும், அதை எல்லாம் அவன் சரிசெய்துவிடுகிறான், அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. அதற்கு அவசரமும் இருக்கிறது, பிஹெச்பி 9-இல் அன்டிஃபைன்டு வேரியபிளைப் படித்தால் வார்னிங் கிடையாது, நேராக எரர் வீசிப் பக்கத்தையே நிறுத்திவிடும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அர்ரே கீ விஷயம் வேறு. அதை ஒரே மாலையில் முடிக்கச் சொல்லிக் கேட்கும் கிளையன்டிடம், திரையில் காட்டுவதை அன்றைக்கே அணைத்துவிட்டு, ஒவ்வொரு படிவத்துக்கும் தனியாகக் கொட்டேஷன் போடுகிறோம். சிலர் கொடுக்கிறார்கள், சிலர் வேறு ஆளைப் பார்க்கிறார்கள்.